நான்கு மணிப் பசி

அவையோருக்கு வணக்கம்.

பகல் ஒரு மணிக்கு வயிறாரச் சாப்பிடுகிறோம். நான்கு மணிக்கு வயிறு மறுபடியும் குரல் கொடுக்கிறது. கை தானாக பிஸ்கட் பொட்டலத்தைத் தேடுகிறது. ஆறரை மணிக்குத் திரும்பவும் பசி. கூடவே சோர்வு, எரிச்சல். நமக்கு நாக்கு நீளம், மனவுறுதி போதாது என்று தங்களையே நொந்துகொள்பவர்கள் ஏராளம். அவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு. பெரும்பாலும் குற்றம் அந்த நான்கு மணிக்கு வயிற்றுக்குள் போன பொருளில்தான் இருக்கிறது.

ஒரு வேளைச் சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்க ஏறக்குறைய மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். ஆகவே அந்தப் பசி பொய்ப் பசி இல்லை. இரைப்பை காலியாகும்போது கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது. மூளை உணவைக் கேட்கிறது. அந்த நேரத்தில் மைதாவும் சர்க்கரையும் மட்டும் சேர்ந்த ஒன்றைத் தந்தால் அது விரைவில் குளுக்கோஸாகி ரத்தத்தில் ஏறும். அதைச் சமாளிக்க, ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினைக் கணையம் அள்ளிச் சுரக்கும். சிலருக்கு இரண்டு, மூன்று மணி நேரத்தில் சர்க்கரை தொடங்கிய அளவுக்கும் சற்றுக் கீழே போய்விடும். ஆறரை மணிப் பசியின் பிறப்பிடம் அதுதான்.

1977-இல் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. பத்துப் பேருக்கு ஆப்பிளை மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: முழுப் பழமாக, கூழாக, சாறாக. மூன்றிலும் மாவுச்சத்தும் சர்க்கரையும் சம அளவுதான். முழுப் பழத்தைவிட சாறு 11 மடங்கு வேகமாக உள்ளே போனது. வயிறு நிறைந்த உணர்வு முழுப் பழத்துக்கே அதிகம். சாறு குடித்த பிறகு இன்சுலின் கூடுதலாக ஏறி, பின்னர் சர்க்கரை சரிந்தது. பழம் ஒன்றேதான். நாரைப் பிரித்ததும் மெல்லும் வேலையை எடுத்துவிட்டதும்தான் வேறுபாடு.

ஆகவே இடைத்தீனியில் தேட வேண்டியவை மூன்று: நார், புரதம், நீர். நீரும் நாரும் இரைப்பையை விரிக்கின்றன. அந்த விரிவை உணரும் நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. புரதமும் கொழுப்பும் குடலைத் தொட்டதும் அங்கிருந்து நிறைவைச் சொல்லும் ஹார்மோன்கள் புறப்படுகின்றன. இந்தச் செய்திகள் போய்ச் சேரச் சுமார் இருபது நிமிடம் பிடிக்கும். நின்றுகொண்டே இரண்டு நிமிடத்தில் விழுங்குபவருக்குச் செய்தி வருமுன் பொட்டலம் தீர்ந்துவிடும்.

அளவு என்ன? உடலுழைப்பு அதிகமில்லாத பெரியவருக்கு 150 முதல் 200 கிலோகலோரி போதும். ஒரு நடுத்தர ஆப்பிளும் 15 கிராம் வேர்க்கடலையும் சேர்ந்தால் அந்தக் கணக்குதான். 150 கிராம் சர்க்கரை சேர்க்காத தயிரும் ஒரு சிறு வாழைப்பழமும் சேர்ந்தாலும் அதே. ஒரு வேகவைத்த முட்டையில் 6 கிராம் புரதம் உண்டு, சுமார் 75 கிலோகலோரிதான். ஆனால் அதில் நார் துளியும் கிடையாது. கேரட்டோ வெள்ளரியோ துணைக்கு வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது வேகவைத்த கொண்டைக்கடலை. அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 100 கிராமில் சுமார் 9 கிராம் புரதம், 7 கிராமுக்குக் குறையாத நார், 165 கிலோகலோரி. ஒருவருக்கு 40 முதல் 45 கிராம் உலர்ந்த கடலை எடுத்தால் வெந்தபின் 100 கிராம் வரும். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் மூன்று மடங்கு நீரில் ஊறட்டும். ஊறிய நீரைக் கொட்டிவிடுங்கள். வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அதோடு போய்விடும். புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். வெந்து முடியும் வரை எலுமிச்சையோ தக்காளியோ சேர்க்க வேண்டாம். புளிப்பு பட்டால் தோல் இறுகி, எவ்வளவு நேரம் கொதித்தாலும் மசியாது. கடலை மிகப் பழையதாக இருந்தாலும் இதே தொல்லைதான். வெந்ததை இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியில் வைக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். பருப்பு வகைகளுக்குப் பழகாதவர்கள் முதல் வாரம் இரண்டு மேசைக்கரண்டியோடு நிறுத்துங்கள். நாரைத் திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும். உடனே ‘இது எனக்கு ஒத்துக்கொள்ளாது’ என்று கைவிட்டுவிடுவார்கள். குடல் பாக்டீரியாக்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்தால் போதும். அந்த நாரை நொதிக்கவைத்து அவை தரும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம்தான் பெருங்குடல் செல்களுக்கு முக்கிய எரிபொருள்.

வேர்க்கடலை, பாதாம் போன்றவற்றில் தவறு நடப்பது அளவில். 30 கிராம், அதாவது ஒரு கைப்பிடி, சுமார் 170 கிலோகலோரி. பொட்டலத்திலிருந்தே கொறித்தால் 100 கிராம் போனதே தெரியாது; அது 570 கிலோகலோரிக்குக் குறையாது, ஒரு முழுச் சாப்பாடு. கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, டப்பாவை மூடி உள்ளே வைத்துவிட்டு உட்காருங்கள். கசப்பாக, கருத்து, சுருங்கி, பூசணம் படிந்ததாக இருக்கும் கடலையைத் தூக்கி எறியுங்கள். அதில் அஃப்ளடாக்சின் என்ற நச்சு இருக்கலாம். வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுக் கொட்டைகளைத் தரவே கூடாது, மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும். பொடித்தோ விழுதாக்கியோ மெல்லியதாகத் தடவிக் கொடுங்கள்.

பொட்டலத்தின் பின்புறத்தைப் படிக்கப் பழக வேண்டும். சேர்மானங்கள் எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக அச்சாகியிருக்கும். முதல் மூன்றில் சர்க்கரையோ, குளுக்கோஸ் சிரப்போ, டெக்ஸ்ட்ரோஸோ இருந்தால் அது இனிப்புப் பண்டம்; முன்பக்கத்தில் எந்தத் தானியத்தின் படம் இருந்தாலும் சரி. 4 கிராம் சர்க்கரை ஒரு தேக்கரண்டி. பழத்திலும் பாலிலும் இயல்பாக இருப்பதைத் தவிர்த்து, சேர்க்கும் சர்க்கரையும் தேனும் சாறுகளின் சர்க்கரையும் நாளுக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனம் 2015-இல் தந்த வழிகாட்டுதலின் சாரம். உப்புக்கு எல்லை 5 கிராம். சோடியம் என்று மட்டும் போட்டிருந்தால் 2.5-ஆல் பெருக்குங்கள், உப்பின் அளவு கிடைக்கும்.

அமெரிக்காவில் 2019-இல் வெளியான சோதனை ஒன்று என்னை மிகவும் யோசிக்க வைத்தது. 20 பேருக்கு இரண்டு வாரம் ஆலையில் மிகுதியாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரண உணவு. முன்னால் வைத்த உணவில் சர்க்கரை, கொழுப்பு, நார் எல்லாம் இரண்டிலும் ஏறக்குறையச் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்தியதைத் தின்ற நாட்களில் ஒருவர் சராசரியாகச் சுமார் 500 கிலோகலோரி கூடுதலாக உண்டார். இரண்டு வாரத்தில் 0.9 கிலோ எடை ஏறியது. வேகமாகவும் உண்டார்கள். மெல்ல வேலையே வைக்காத மென்மை அதற்கு ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

எத்தனை முறை கொறிக்கிறோம் என்பதும் முக்கியம். இனிப்போ மாவோ பல்லில் பட்டதும் பாக்டீரியாக்கள் அமிலம் சுரக்கும். அமிலம் கூடக் கூட பி.எச். என்ற அளவு இறங்கும்; அது 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சரிசெய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். ஐந்து பிஸ்கட்டை ஒரே முறை தின்பதைவிட, மணிக்கொன்றாக ஐந்து மணி நேரம் தின்பது பல்லுக்குக் கெடுதல்.

தூக்கமும் இதோடு பிணைந்தது. 2004-இல் பன்னிரண்டு இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவைத்துப் பார்த்தார்கள். கிரெலின் 28 சதவீதம் கூடியது, நிறைவைச் சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, இனிப்புக்கும் உப்புக்கும் ஏக்கம் எகிறியது. இரவு கண்விழித்தவர் மறுநாள் மாலை தட்டோடு போராடுவதில் வியப்பில்லை. நான்கு மணிக் காபி இரவு ஒன்பதுக்கும் பாதி உடம்பில் மிச்சமிருக்கும். அது தூக்கத்தைத் தின்று, மறுநாள் பசியாகத் திரும்பி வருகிறது.

நீரிழிவுக்காக இன்சுலின் போடுபவர்களுக்கும் சில வகை மாத்திரை உண்பவர்களுக்கும் தனியாக ஒன்று. ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி, கை நடுங்கி வியர்த்தால், இவ்வளவு நேரம் புகழ்ந்த கடலையும் பாதாமும் அப்போது உதவாது. கொழுப்பும் நாரும் சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். சாக்லேட்டும் அப்படியே. அந்த நிமிடம் தேவை 15 கிராம் வேகமான சர்க்கரை: நீரில் கரைத்த மூன்று, நான்கு தேக்கரண்டி சர்க்கரையோ அரைத் தம்ளர் பழச்சாறோ. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு நேரமிருந்தால், அப்போது எடுங்கள் கடலைக் கிண்ணத்தை.