அழுகிய திராட்சை, ஒரு பாட்டில் 75,000 பவுண்டு! ஷாத்தோ திக்கெம் தோட்டத்தின் கதை

[திரையில்: ஒரு திராட்சைக் குலை, மிக நெருக்கத்தில்]

இந்தக் குலையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பாதிப் பழங்கள் சுருங்கிவிட்டன. தோல் பழுப்பும் ஊதாவுமாக மாறிப்போயிருக்கிறது. மேலே சாம்பல் தூவின மாதிரி பூஞ்சை. வீட்டில் பழக்கூடையில் இப்படி ஒன்று கிடந்தால் நேரே குப்பைக்குத்தான் போகும்.

பிரான்ஸில் ஒரு மேட்டுநிலத்தில், இந்தப் பழத்துக்காக ஒவ்வோர் ஆண்டும் வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். நன்றாக இருக்கிற பழத்தை விட்டுவிட்டு, அழுகினதைத் தேடித் தேடிப் பறிக்கிறார்கள். அப்படி 1811இல் பறித்துச் செய்த ஒயினில் ஒரு பாட்டில், 2011இல் 75,000 பவுண்டுக்கு விற்றது. ஒரே ஒரு பாட்டில். அதுவரை வெள்ளை ஒயின் பாட்டில் எதற்கும் யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை.

வணக்கம். இன்றைய வீடியோ ஷாத்தோ திக்கெம் பற்றி. சுருக்கமாக இக்கெம். குடிக்கச் சொல்லும் வீடியோ இல்லை இது. மது உடலுக்குக் கேடு, அதில் இரண்டு பேச்சு கிடையாது. ஆனால் விவசாயத்தில் இவ்வளவு பொறுமையும் இவ்வளவு துணிச்சலும் ஒரே இடத்தில் சேர்ந்த கதை வேறொன்று எனக்குத் தெரியாது. அதனால்தான் சொல்ல ஆசை.

முதலில் வரலாறு, வேகமாக. தென்மேற்கு பிரான்ஸில் போர்தோ என்கிற நகரம். அதைச் சுற்றித்தான் உலகப் புகழ்பெற்ற ஒயின் தோட்டங்கள் பல இருக்கின்றன. 1855இல் பாரிஸில் ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. அதற்காகப் போர்தோ ஒயின்களைத் தரம் பிரிக்கச் சொன்னார்கள். தரகர்கள் என்ன செய்தார்கள்? அதுவரை சந்தையில் எது என்ன விலைக்குப் போனது என்று பார்த்து வரிசை போட்டார்கள். சிவப்பில் லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் என நான்கு தோட்டங்கள் முதல் வரிசை. இனிப்பு வெள்ளை ஒயினிலும் ஒரு முதல் வரிசை உண்டு. ஆனால் அந்த முதல் வரிசைக்கும் மேலே தனியாக ஒரு படி போட்டு, அதில் ஒரே ஒரு பெயரை வைத்தார்கள். இக்கெம். இன்றுவரை அந்தப் படியில் வேறு யாரும் இல்லை.

இங்கே மூத்தோன் ரோத்ஷில்ட் தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனசு வரவில்லை. 1855இல் இரண்டாம் வரிசையில் போடப்பட்ட தோட்டம் அது. முதல் வரிசைக்கு வர 1973 வரை போராடியது. 1945லிருந்து அவர்கள் ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் ஒரு கலைஞரைக் கொண்டு லேபிள் செய்கிறார்கள். டாலி, சாகால், பிக்காசோ எல்லாம் அதில் உண்டு. 2009ஆம் ஆண்டு லேபிள் யாருடையது தெரியுமா? மும்பையில் பிறந்த அனிஷ் கபூருடையது. சம்பளம் பணமாக இல்லை, ஒயின் பெட்டிகளாக! சரி, அது தனி வீடியோவுக்கான விஷயம். இக்கெம்முக்கு வருவோம்.

[திரையில்: விடியற்காலை, மூடுபனிக்குள் திராட்சை வரிசைகள்]

போர்தோவுக்குத் தெற்கே சோத்தெர்ன் என்கிற ஊர்ப்பகுதி. அங்கே இரண்டு ஆறுகள். பெரியது கரோன். அதில் தண்ணீர் ஓரளவு வெதுவெதுப்பாக இருக்கும். சின்னது சிரோன். ஊற்றுநீரில் பிறந்து, காட்டு நிழலுக்குள்ளேயே ஓடி வருவதால் சில்லென்று இருக்கும். இலையுதிர் காலத்தில் இந்தச் சில்லென்ற தண்ணீர் அந்த வெதுவெதுப்பான தண்ணீரோடு கலக்கும்போது மூடுபனி எழும்புகிறது. இரவில் எழும்பி, காலையில் தோட்டங்களுக்குள் பரவி நிற்கும். பத்து, பதினொரு மணிக்கு மேல் வெயில் ஏறி, காற்று வீசினால் கலைந்துவிடும்.

காலையில் ஈரம், மதியம் வெயில். இது இரண்டும்தான் வேண்டும். ஏனென்றால் இந்தக் கதையின் நாயகன் ஒரு பூஞ்சை. பெயர் போட்ரைட்டிஸ் சினேரியா. ஸ்ட்ராபெரி விவசாயிகளிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். பழத்தின் மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி படர்ந்து பயிரையே நாசம் செய்வது இதே பூஞ்சைதான்.

சோத்தெர்னிலும் ஈரம் மட்டும் இருந்தால் அதே நாசம்தான் நடக்கும். தொடர்ந்து நாலு நாள் மழை பெய்தால் போதும், தோல் வெடித்து, பழம் கூழாகி, குலை முழுக்கப் புளித்த வாடை அடிக்கும். ஆனால் காலையில் ஈரமும் மதியம் வெயிலுமாக மாறி மாறி வந்தால் கதை வேறு. ஈரத்தில் பூஞ்சையின் இழைகள் பழத்தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகளைப் போட்டு உள்ளே போகின்றன. மதிய வெயில் அந்தத் துளைகள் வழியாகத் தண்ணீரை இழுத்துவிடுகிறது. சர்க்கரையிலும் புளிப்பிலும் ஒரு பங்கைப் பூஞ்சை தின்றுவிடும். ஆனால் அதைவிட அதிகமாகப் போவது தண்ணீர். பழம் கொடியிலேயே, உயிரோடு, பாகாகிறது.

அப்படியென்றால் வெயிலில் காயவைத்த உலர் திராட்சைதானே, என்ன வித்தியாசம் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. உலர் திராட்சையில் நடப்பது வெறும் காய்தல். இங்கே ஒரு உயிர் உள்ளே புகுந்து பழத்தைத் தின்று, பழத்தில் முன்பு இல்லாத பொருட்களை உண்டாக்கிவிட்டுப் போகிறது. நாக்கில் வழவழப்பு தருகிற கிளிசரால் அதில் ஒன்று. குடித்தவர்கள் ஆப்ரிகாட், தேன், ஆரஞ்சுத் தோல், குங்குமப்பூ என்றெல்லாம் சொல்கிற வாசனை இந்தப் பூஞ்சையின் கைங்கரியம். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயருக்கு 'மேன்மையான அழுகல்' என்று அர்த்தம். ஒரு நோய்க்கு இவ்வளவு மரியாதையான பெயர் வைத்தவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

[திரையில்: கையில் சின்னக் கத்தரி, ஒரு குலையின் நடுவில் நுழைகிறது]

இப்போதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பூஞ்சை எல்லாக் குலைக்கும் ஒரே நாளில் வருவதில்லை. ஒரே குலையில்கூட எல்லாப் பழத்துக்கும் ஒன்றாக வராது. நான் முதலில் காட்டிய குலையை மறுபடி பாருங்கள். இந்தப் பக்கம் தங்கநிறத்தில் பளபளவென்று நாலு பழம். அது இன்னும் தொடங்கவே இல்லை. நடுவில் ஊதா படர்ந்து, ஆனால் இன்னும் உருண்டையாக இருக்கிறதே, அது பாதி வழியில் இருக்கிறது. கீழே சுருங்கி, தோல் மடிந்து, தொட்டால் பிசுபிசுக்கிற பழங்கள். அவற்றை 'வறுபட்டவை' என்கிறார்கள். பதம் வந்துவிட்டது. அதுதான் வேண்டும், அது மட்டும்தான் வேண்டும்.

பாகு காய்ச்சுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு நிமிடம் முந்தினால் தண்ணியாக நிற்கும், ஒரு நிமிடம் பிந்தினால் கல்லாகிவிடும். அடுப்புப் பாகை நாம் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம். இங்கே பாகு காய்வது 250 ஏக்கரில், ஒவ்வொரு பழத்துக்குள்ளும் தனித்தனியாக. அடுப்பு நம் கையில் இல்லை.

அதனால் ஒரே பறிப்பில் வேலை முடியாது. சுமார் 150 பேர் கத்தரியோடு வரிசைக்குள் இறங்குகிறார்கள். குலையை நிமிர்த்திப் பார்த்து, பதம் வந்த பழத்தை மட்டும் நறுக்கி எடுத்து, மற்றதை அப்படியே கொடியில் விட்டுவிட்டு நகர்கிறார்கள். சந்தேகம் வந்தால் முகர்ந்து பார்க்கிறார்கள். புளித்த வாடை வந்தால் அந்தப் பழத்தை வெட்டிக் கீழே போட்டுவிடுவார்கள். சில நாள் கழித்து அதே வரிசைக்கு மறுபடி வருவார்கள். சராசரியாக ஐந்தாறு சுற்று. செப்டம்பரில் தொடங்கினால் சில ஆண்டுகளில் நவம்பர் வரை இழுக்கும். நடுவில் மழை வந்தால் எல்லோரும் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

இவ்வளவும் செய்து கடைசியில் கிடைப்பது எவ்வளவு? ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ். ஆண்டு முழுக்கக் கவாத்து செய்து, உழுது, காவல் காத்து வளர்த்த ஒரு கொடியிலிருந்து ஒரே ஒரு கிளாஸ் ஒயின். கணக்காகச் சொன்னால், போர்தோவில் சிவப்பு ஒயின் செய்கிறவர்களுக்கு ஒரு ஹெக்டேரில் 4,000, 5,000 லிட்டர் கிடைப்பது சாதாரணம். சோத்தெர்னில் சட்டமே 2,500 லிட்டருக்கு மேல் கூடாது என்கிறது. இக்கெம்மில் சராசரி சுமார் 900 லிட்டர்.

அரவைக்கூடத்து வேலையை நான் நீட்டப்போவதில்லை. செமியோன், சோவின்யோன் பிளாங் என்று இரண்டு திராட்சை வகை; செமியோன்தான் பெரும்பங்கு, அதன் தோல் மெல்லியது, பூஞ்சைக்கு வசதி. பறித்த அன்றே பிழிந்துவிடுவார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு: சாதாரணமாகப் பழத்தைப் பிழிந்தால் முதல் சாறுதானே உசத்தி? இங்கே அடுத்தடுத்த பிழிவில்தான் இனிப்பு ஏறிக்கொண்டே போகும். ஏனென்றால் சுருங்கின பழம் அவ்வளவு சுலபத்தில் தன் பாகை விட்டுக்கொடுக்காது. பிறகு சாறு புத்தம்புது ஓக் பீப்பாய்களில் புளிக்கும். சர்க்கரை அதிகம் என்பதால் ஈஸ்ட் ஓரளவுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் நின்றுவிடும். பெரும்பாலும் லிட்டருக்கு 120 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை மிஞ்சும். ஆனாலும் திகட்டுவதில்லை என்கிறார்கள். தண்ணீர் போனபோது புளிப்பும் சேர்ந்து சுண்டியிருக்கிறதே, அதுதான் காரணம்.

இன்னொரு சின்ன விஷயம், மண்ணைப் பற்றி. இந்த மேட்டில் மேலே சரளைக்கல், கீழே களிமண். களிமண்ணில் தண்ணீர் தேங்கும், வேர் கெடும். அதற்காக 19ஆம் நூற்றாண்டிலேயே மண்ணுக்கடியில் வடிகால் குழாய் பதித்தார்கள். எவ்வளவு நீளம் என்கிறீர்கள்? 100 கிலோமீட்டர்.

[திரையில்: பழைய கோட்டை வீட்டின் முற்றம்]

இந்தத் தோட்டத்தை உருவாக்கியவர் யார் என்று கேட்டால் நான் ஒரு பெண்ணின் பெயரைத்தான் சொல்வேன். பிரான்சுவாஸ் ஜோசஃபின் சோவாஜ் திக்கெம். அவருடைய முன்னோர்கள் கைக்கு இந்த நிலம் 1593இல் வந்தது. 1785இல் அவர் லூர்-சலூஸ் குடும்பத்து வாரிசைத் திருமணம் செய்தார். மூன்றே ஆண்டில் கணவர் இறந்துவிட்டார். அடுத்த ஆண்டு பிரெஞ்சுப் புரட்சி. பிரபுக் குடும்பங்களின் சொத்தும் தலையும் போய்க்கொண்டிருந்த நேரம். அவரும் இரண்டு முறை சிறைக்குப் போனார். ஆனால் தோட்டத்தை விடவில்லை. வெளியே வந்து மேலும் பல பத்தாண்டுகள் நடத்தினார்; 1826இல் புதிதாக ஒயின் கூடம் கட்டினார். அமெரிக்காவின் தாமஸ் ஜெஃபர்சன் தனக்கு மட்டும் வாங்கிக்கொள்ளாமல், குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனுக்காக 30 டஜன் பாட்டில் கேட்டு எழுதியதும் அவர் காலத்தில்தான். 1851இல் காலமானார். நான் முதலில் சொன்னேனே, 1855இல் தனியாகப் போட்ட அந்த ஒற்றைப் படி? அது வந்தது அவர் போய் நான்கு ஆண்டு கழித்து. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகிறது.

1859இல் ரஷ்ய இளவரசர் கான்ஸ்டன்டைன், 1847ஆம் ஆண்டு இக்கெம் 900 லிட்டருக்கு 20,000 தங்கப் பிராங்க் கொடுத்தார். அதன் பிறகு பெயர் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. லூர்-சலூஸ் குடும்பத்தின் கையில் இருநூறு ஆண்டுக்கு மேல் இருந்த தோட்டம், குடும்பத்துக்குள்ளேயே தகராறாகி, 1990களின் கடைசியில் லூயி வுயிட்டோன் பைகள் விற்கும் எல்விஎம்எச் குழுமத்திடம் போனது.

ஒரு நிறுவனத்தின் கைக்குப் போனதும் லாபம்தான் முக்கியமாகிவிடும் என்று பலர் நினைத்திருப்பார்கள். இங்கேதான் 2012 வருகிறது.

அந்த ஆண்டு வானிலை மோசம். ஆனாலும் பறித்தார்கள், பிழிந்தார்கள், பீப்பாயில் ஊற்றினார்கள். கூலி, பீப்பாய், உழைப்பு எல்லாச் செலவும் ஆகிவிட்டது. டிசம்பரில் சுவைத்துப் பார்த்துவிட்டு, நிர்வாகி பியேர் லூர்த்தோன் அறிவித்தார்: 2012இல் இக்கெம் கிடையாது. ஒரு பாட்டில்கூட.

அந்த ஒயினைக் கீழே கொட்டவில்லை. பெயரில்லாமல் மொத்த வியாபாரிகளுக்குக் கொடுத்துவிடுவது அங்கே வழக்கம். இக்கெம் என்ற பெயர் மட்டும் அதன் மேல் ஏறாது. இதைப் புது முதலாளிகள் கண்டுபிடிக்கவில்லை. பழைய குடும்பமும் இப்படித்தான் செய்தது. 1910, 1915, 1930, 1951, 1952, 1964, 1972, 1974, 1992. இருபதாம் நூற்றாண்டில் ஒன்பது முறை. 1951, 52 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டு சும்மா இருந்திருக்கிறார்கள், பாருங்கள்! எனக்கு அந்த 75,000 பவுண்டைவிட இந்தப் பட்டியல்தான் பெரிதாகத் தெரிகிறது.

பிரான்ஸிலேயே பர்கண்டி என்கிற பகுதியில் இருக்கும் ரொமானே-கோன்தியும் இப்படிக் காத்திருக்கத் தெரிந்த ஒரு தோட்டம்தான். வெறும் நாலரை ஏக்கர், பினோ நுவார் திராட்சை, சிவப்பு ஒயின், அழுகல் வாடையே ஆகாது. அங்கே 1945 அறுவடைக்குப் பிறகு பழைய கொடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதிது நட்டார்கள்; அடுத்த ஒயின் 1952இல்தான். அந்த 1945இன் ஒரு பாட்டில் 2018இல் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போனது. அது வேண்டுமென்றால் கமெண்ட்டில் சொல்லுங்கள், முழு வீடியோவாகவே போடுகிறேன்.

[திரையில்: வரிசையாகப் பாட்டில்கள், 2011க்கும் 2013க்கும் நடுவில் ஓர் இடைவெளி]

எங்கேயாவது ஒரு கடையிலோ ஏலத்திலோ, 2012 என்று ஆண்டு போட்ட இனிப்பு ஷாத்தோ திக்கெம்மை யாராவது உங்களிடம் நீட்டினால், அது போலி. கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. அந்த டிசம்பரில் பீப்பாய்களுக்கு நடுவில் நிற்பது நீங்கள். ஒயின் மோசமில்லை, சுமாராக இருக்கிறது. லேபிள் ஒட்டினால் மொத்தமும் விற்றுவிடும், வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு வித்தியாசமே தெரியாது. ஒட்டுவீர்களா, மாட்டீர்களா? கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.