கடிதத்தில் வராத கணக்கு

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலம், மாண்ட்கோமரி நகரில் 1971-ல் தொடங்கிய அமைப்பு சதர்ன் பாவர்ட்டி லா சென்டர். மோரிஸ் டீஸ், ஜோசப் லெவின் என்ற இரு வழக்கறிஞர்கள் தொடங்கினார்கள். குடியுரிமைப் போராளி ஜூலியன் பாண்ட் முதல் தலைவரானார். கட்சிக்காரரிடம் கட்டணம் வாங்காமல் வழக்காடுவார்கள். கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல்களைக் கூண்டில் ஏற்றி, சொத்தை இழக்க வைத்தவர்கள். இவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பணம் அனுப்பும் ஆட்களே, "வேலை பிடிக்கிறது, பணம் கேட்கிற விதம் பிடிக்கவில்லை" என்றும் சொல்கிறார்கள். அந்த மனத்தாங்கல் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். அது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

டீஸ் தபால் வழியே சமையல் புத்தகம் விற்றுப் பணம் பண்ணியவர். 1972-ல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற ஜார்ஜ் மெக்கவர்னுக்குத் தபாலில் நிதி திரட்டிக் கொடுத்தார். அந்தக் கொடையாளர்களின் முகவரிப் பட்டியல்தான் சென்டருக்கு விதைநெல்.

தபால் நிதி திரட்டலின் கணக்கு வெளியாருக்குப் புரிவதில்லை. உதாரணத்துக்கு, 50,000 பேருக்குக் கடிதம் போகிறது. பிறரிடம் எடுத்த முகவரிப் பட்டியலின் வாடகை, அச்சு, தபால் செலவு எல்லாம் சேர்த்துக் கடிதத்துக்கு 60 சென்ட் என்றால் செலவு 30,000 டாலர். நூற்றில் ஒருவர் பதில் போட்டால் 500 பேர். ஆளுக்கு 25 டாலர் என்றால் வரவு 12,500. கையைக் கடிக்கிறது 17,500 டாலர். அதாவது, ஒரு புதிய கொடையாளரைப் பிடிக்க 35 டாலர் நஷ்டம். அந்த 500 பேர் இரண்டாம், மூன்றாம் முறை கொடுக்கும்போதுதான் லாபம். அதனால்தான் ஒருமுறை பத்து டாலர் அனுப்பியவர் வீட்டுக்கு மாதாமாதம் கடிதம் வருகிறது. "நான் கொடுத்த பணம் எனக்கே கடிதம் போடச் செலவாகிறது" என்ற எரிச்சலில் உண்மை இருக்கிறது.

கடிதம் சாதுவாக இருந்தால் பணம் வராது, பயம் இருந்தால் வரும். 2017 ஆகஸ்டில் சார்லட்ஸ்வில் நகரில் வெள்ளை இனவெறியர்கள் ஊர்வலம் போனபோது, அதை எதிர்த்து வந்த ஒரு பெண் கொல்லப்பட்டார். அந்த நிதியாண்டில் சென்டரின் நன்கொடை, முந்தைய ஆண்டின் ஏறத்தாழ 5 கோடி டாலரிலிருந்து 13 கோடி டாலருக்குத் தாவியது. மக்கள் உண்மையான ஆபத்தைக் கண்டுதான் கொடுத்தார்கள். ஆனால் கடிதம் எழுதுகிறவருக்கு அது ஒரு பாடம். அடுத்த கடிதத்தில் ஆபத்தைக் குறைத்து எழுத அவருக்குக் கை வராது.

சென்டர் நடத்திய ஒரு வழக்கைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். 1981-ல் அலபாமாவின் மொபைல் நகரில் மைக்கேல் டொனால்ட் என்ற கறுப்பின இளைஞரைக் கிளான் ஆட்கள் கொன்று மரத்தில் தொங்கவிட்டார்கள். தாய் பியூலா மே டொனால்ட் சார்பில் சென்டர் வழக்காடி, 1987-ல் யுனைடெட் கிளான்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற கிளான் கும்பல் மீது 70 லட்சம் டாலர் தீர்ப்பு வாங்கியது. கும்பலிடம் இருந்ததோ டஸ்கலூசா அருகே ஒரு கட்டடம் மட்டுமே. அது தாயின் பேருக்கு மாறி, விற்றதில் கிடைத்தது சுமார் 50 ஆயிரம் டாலர். கும்பலை முடக்கிய பெரிய வெற்றி அது, சந்தேகமில்லை. ஆனால் 70 லட்சம் என்ற எண்ணை மட்டும் பார்க்கிற கொடையாளர், தாயின் கைக்கு வந்தது எவ்வளவு என்று பின்னால் அறியும்போது ஏமாந்ததாக உணர்கிறார். கடிதத்தில் இரண்டு எண்ணையும் எழுதினால் அந்த ஏமாற்றம் வராது.

அடுத்து சேமிப்பு. 2017 அக்டோபரில் சென்டரின் வைப்பு நிதி 40 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. வழக்குகள் பத்தாண்டு இழுக்கும், தபால் வரவு ஒருநாள் வற்றும், அப்போது கை நிறைய இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். கொஞ்சம் ஏற்கலாம். எத்தனை ஆண்டுச் செலவுக்கு என்ற வரம்பு கடிதத்தில் இல்லாததுதான் என் குறை.

அந்தக் கணக்கை நாமே போடலாம். வரிவிலக்கு பெற்ற அமெரிக்க அமைப்புகள் வருமான வரித் துறைக்குப் படிவம் 990 தருகின்றன; யார் கேட்டாலும் கடைசி மூன்று ஆண்டுப் படிவத்தைக் காட்டியாக வேண்டும். முதல் பக்கத்தில் 22-ஆம் வரி நிகரச் சொத்து, 18-ஆம் வரி மொத்தச் செலவு. முன்னதைப் பின்னதால் வகுத்தால், ஒரு டாலர்கூட வராமல் எத்தனை ஆண்டு ஓடும் என்று தெரியும். பிறகு 9-ஆம் பகுதிக்குப் போங்கள். செலவை மூன்று பத்தியாகப் பிரித்திருக்கும்: திட்டப்பணி, நிர்வாகம், நிதி திரட்டல். திட்டப்பணி விகிதத்தை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். கடிதத்தில் "உங்கள் ஊர் பிரதிநிதிக்கு எழுதுங்கள்" போன்ற அழைப்பு இருந்தால், கணக்கியல் விதிக்கு உட்பட்டு, தபால் செலவில் ஒரு பகுதியைத் திட்டப்பணியில் எழுத இடமுண்டு. கூட்டுச் செலவு என்ற 26-ஆம் வரி அதைக் காட்டும்.

கடிதத் தொல்லைக்கும் வழி இருக்கிறது. பதில் சீட்டின் மூலையில் எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு குறி இருக்கும். எந்தப் பட்டியலிலிருந்து உங்கள் பெயர் வந்தது என்று அது சொல்லும். அந்தச் சீட்டிலேயே "ஆண்டுக்கு ஒரு கடிதம் போதும், என் பெயரை வாடகைக்கோ மாற்றுக்கோ தர வேண்டாம்" என்று எழுதி அனுப்புங்கள். தனித் தாளில் எழுதினால் பதிவேட்டில் உங்களைத் தேடி எடுப்பது சிரமம். ஒரே பெயரை இரண்டு எழுத்துக்கூட்டலில் கொடுத்திருந்தால் கணினி இருவராக எண்ணும். நம் பெயர்களுக்கு, முன்னெழுத்துக் குழப்பத்தால், இது அடிக்கடி நடக்கும். இரண்டு சீட்டையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். கடிதத்தோடு கேட்காமல் வந்த, உங்கள் முகவரி அச்சிட்ட ஒட்டிகளை வைத்துக்கொள்ளலாம்; பணம் அனுப்பக் கடமை இல்லை.

ஒரு தடங்கல் மட்டும் உண்டு. சென்டரின் நிதியாண்டு அக்டோபர் 31-ல் முடிகிறது. படிவம் தரக் கெடு மார்ச் 15. அவகாசம் கேட்டால் செப்டம்பர் 15. கடிதங்கள் குவிகிற டிசம்பரில் நம் கைக்குக் கிடைக்கும் படிவம் ஓராண்டுக்கு மேல் பழையது. புதிதாகத் தணிக்கை செய்த அறிக்கை தயாராகிவிட்டதா என்று கேட்டு, அதைப் பார்த்த பிறகு காசோலை எழுதுங்கள்.