வங்கி அதிகாரி தின்ற காளான்: மசாட்டெக் மலையில் அந்த ராத்திரி என்ன நடந்தது?

வணக்கம் நண்பர்களே!

1955, ஜூன் 29, ராத்திரி. நியூயார்க்கின் ஜே.பி. மார்கன் வங்கியில் துணைத் தலைவராக இருக்கிற ஒரு மனிதர், தெற்கு மெக்சிகோவில் ஒரு மலை ஊரில், மண் சுவர் வீட்டுக்குள் பாயில் உட்கார்ந்து பச்சைக் காளானை மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறார். நாற்றம் குடலைப் புரட்டுகிறது, ஆனாலும் விடாமல் தின்கிறார். இரண்டு வருஷம் கழித்து அதைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் கட்டுரையால் உலகமே அந்த ஊருக்குக் கிளம்பி வந்தது, கடைசியில் அவருக்குக் காளான் கொடுத்த அம்மாவின் வீடு தீயில் போனது. எப்படி என்றுதான் இன்றைக்குப் பார்க்கப்போகிறோம்.

முதலில் ஒரு விஷயம். அவர் தின்றது காட்சிகள் வரவைக்கும் மேஜிக் மஷ்ரூம். அந்தப் பேரைக் கேட்டதும் உங்களில் பாதிப் பேருக்குக் கொடைக்கானல் ஞாபகம் வந்திருக்கும். இந்த வீடியோ அதற்கில்லை. அந்தக் காளானில் இருக்கும் சிலோசைபின் என்ற பொருள் நம் நாட்டில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் வருகிறது, பிடிபட்டால் வழக்கு. அதைவிட முக்கியம், காட்டில் தப்பான காளானைப் பறித்துத் தின்றால் ஈரல் போய்விடும், உயிரும் போகும். எங்கே கிடைக்கும் என்று கமெண்டில் கேட்காதீர்கள்.

(திரையில்: மெக்சிகோ வரைபடம், வஹாக்கா மாநிலம்)

பின்னணியை வேகமாக முடித்துவிடலாம். ஸ்பானியர்கள் மெக்சிகோவைப் பிடித்த 16ஆம் நூற்றாண்டிலேயே சஹாகுன் என்ற பாதிரியார், அங்குள்ளவர்கள் ஒரு காளானைத் தேனோடு தின்று காட்சிகள் காண்கிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். திருச்சபை அதைப் பேய் வழிபாடு என்று ஒடுக்கியது, வழக்கம் மலைக்குள் ஒளிந்துகொண்டது. 1915இல் சாஃபோர்ட் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர், அப்படி ஒரு காளானே கிடையாது, காய்ந்த பெயோட்டே என்ற போதைக் கள்ளியைப் பார்த்துத்தான் பாதிரியார்கள் ஏமாந்திருக்கிறார்கள் என்று அடித்துச் சொன்னார், பலரும் நம்பினார்கள். 1930களின் கடைசியில் ஷுல்டெஸ் என்ற இளம் ஆராய்ச்சியாளரும் இன்னும் சிலரும் மசாட்டெக் பழங்குடி மக்களின் மலைக்குப் போய்க் காளானைக் கையோடு எடுத்து வந்தபிறகுதான் அந்த வாதம் அடங்கியது. சரி, பின்னணி அவ்வளவுதான்.

இப்போது நம் வங்கிக்காரர். பெயர் கார்டன் வாஸன். மனைவி வாலன்டினா ரஷ்யாவில் பிறந்த குழந்தை மருத்துவர். 1927இல் தேனிலவுக்கு நியூயார்க் பக்கத்து மலைக்குப் போன இடத்தில், அந்த அம்மா காட்டுக் காளானைப் பார்த்ததும் ஓடிப்போய் மடி நிறையப் பறித்துக்கொண்டு வந்து சமைக்கிறார், இவரோ பயந்து ஒரு வாய்கூடத் தொடவில்லை. காலையில் எழுந்தால் மனைவியை இழந்து நிற்போம் போலிருக்கிறதே என்று அவர் பயந்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஒரே பொருளை ஒரு இனம் ஏன் இவ்வளவு நேசிக்கிறது, இன்னொரு இனம் ஏன் இவ்வளவு வெறுக்கிறது என்ற கேள்வி அங்கே பிறந்தது. அதைத் துரத்திக்கொண்டு புருஷனும் மனைவியும் கால் நூற்றாண்டுக்கு மேல் அலைந்தார்கள். அந்த ஆர்வத்தை நான் மதிக்கிறேன். அதன் பிறகு நடந்ததை என்னால் மதிக்க முடியவில்லை.

மசாட்டெக் மக்களின் பெரிய ஊர் வாவுட்லா. 1953இல் கோவேறு கழுதை மேல் மலையேறித்தான் வாஸன் முதலில் அங்கே போனார். அங்கே வேடிக்கைக்காக யாரும் காளான் தின்பதில்லை. வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, போனவன் திரும்பவில்லை, மாடு காணவில்லை, இப்படி ஏதாவது ஒரு கஷ்டம் இருந்தால்தான் அந்தச் சடங்கையே நடத்துவார்கள். வாஸனுக்கு அப்படி ஒரு கஷ்டமும் இல்லை. அதனால் ஒரு சாக்கு சொன்னார்: ஊரில் இருக்கும் என் மகனைப் பற்றிக் கவலையாக இருக்கிறது, அவன் எப்படி இருக்கிறான் என்று தெரிய வேண்டும். ஒற்றைக் கண் வைத்தியர் ஒருவர் அதை நம்பிச் சடங்கு நடத்தினார். மகன் பாஸ்டனில் இருப்பதாக இவர் நினைத்துக்கொண்டிருக்க, இல்லை, அவன் நியூயார்க்கில் இருக்கிறான், மனசு கலங்கிப்போயிருக்கிறான் என்றாராம் அந்த வைத்தியர். வீட்டுக்குத் திரும்பி விசாரித்தால் அது சரியாக இருந்தது என்று வாஸனே எழுதுகிறார். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கு உறுத்துவது அந்தச் சாக்குதான். ஒரு மருத்துவரிடம் இல்லாத நோயைச் சொல்லி உள்ளே நுழைந்த கதை இது.

1955இல் மறுபடி போனார். இந்த முறை ஊராட்சி அலுவலகத்தில் இருந்த ஓர் இளம் அதிகாரியைப் பிடித்துக் கேட்டார். அவர் அழைத்துப்போனது மரியா சபீனாவிடம். மரியா சபீனா 1894இல் பிறந்தவர், எழுதப் படிக்கத் தெரியாது, மசாட்டெக் மொழி மட்டும்தான் பேசுவார். ஊர் அதிகாரியே கேட்கும்போது மறுக்க எனக்கு வழியில்லை என்று பிற்காலத்தில் அவர் சொன்னார். அதாவது அந்தச் சம்மதமே முழுச் சம்மதம் இல்லை.

(திரையில்: இருட்டு. மெழுகுவர்த்தி. இசை வேண்டாம்.)

அந்த ராத்திரிக்கு வருவோம். இந்தப் பகுதி கொஞ்சம் நீளும், பரவாயில்லை, நான் இந்த வீடியோ எடுத்ததே இதற்காகத்தான்.

சடங்குக்கு வெலாடா என்று பெயர், ராத்திரி முழுக்கக் கண்விழிப்பது. அதற்கு முன்னும் பின்னும் நான்கு நாள் உடலுறவு கூடாது. காளானை மூடித்தான் கொண்டுவர வேண்டும், வழியில் கண்டவர் கண்ணில் படக் கூடாது. அன்றைக்கு மழைக்காலம், ஓடைச் சரிவில் கொட்டிக் கிடந்த கரும்புச் சக்கையில் முளைத்திருந்த காளானை ஓர் அட்டைப்பெட்டியில் எடுத்து வந்திருந்தார்கள். வீட்டில் சுமார் 20 பேர். முதலில் எல்லாருக்கும் சாக்லேட் பானம். ராத்திரி பத்தரை மணி வாக்கில் மரியா சபீனா காளானில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்து, கொப்பால் பிசின் புகையில் காட்டி, மந்திரம் சொல்லிக்கொண்டே பங்கு பிரித்தார். எப்போதும் ஜோடியாகத்தான் எண்ணுவார்கள். வாஸனுக்கும் கூட வந்த புகைப்படக்காரர் ரிச்சர்ட்சனுக்கும் ஆளுக்கு 6 ஜோடி, தனக்கு 13 ஜோடி. கவனித்தீர்களா? வைத்தியம் பார்ப்பவர்தான் அதிகம் சாப்பிடுகிறார். நோயாளியைவிட ஆழமாகப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியது அவர் வேலை.

பிறகு ஒரு பூவை எடுத்து அதனாலேயே மெழுகுவர்த்திச் சுடரை அணைத்தார். கும்மிருட்டு. முனகலாகத் தொடங்கிய குரல் பாட்டாக மாறுகிறது. கை தட்டல், தொடையில் அடி, நெஞ்சில் அடி, ஒவ்வொரு அடியும் ஒரு கணக்கில். இருட்டில் அவர் சுற்றிச் சுற்றி ஆடுவதால் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே பிடிபடவில்லை என்கிறார் வாஸன்.

மரியா சபீனாவின் பாட்டுக்கு ஒலிப்பதிவு இருக்கிறது, கேளுங்கள். ஒளியின் பெண் நான், இடியின் பெண் நான், கழுகுப் பெண் நான், சுழலும் பெண் நான் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். திடீரென்று வக்கீல் பெண் நான் என்கிறார்! எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நோயாளிக்காகத் தெய்வங்களிடம் வழக்காடப் போகிறவர் வேறு எப்படித் தன்னை அறிமுகம் செய்துகொள்வார்? வரிக்கு வரி முடிவில் ‘என்று சொல்கிறது’ என்று ஒட்டிக்கொண்டு வரும். பேசுவது மரியா சபீனா இல்லை, காளான். நம் ஊரில் சாமி வந்து ஆடுகிறவர் குறி சொல்லும்போது, ‘டேய், என்னை மறந்துட்டியேடா’ என்பார். அந்த ‘என்னை’ யார் என்று கூட்டத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வராது, பக்கத்து வீட்டு அண்ணன்தான் ஆடுகிறார் என்று தெரிந்தும் கையெடுத்துக் கும்பிடுவார்கள். வெலாடாவில் உட்கார்ந்திருந்த மசாட்டெக் குடும்பமும் அப்படித்தான் கேட்டது. வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு அது ஒரு ‘அனுபவம்’, அவர்களுக்கு அது பதில்.

அதே பாட்டில் புனித பேதுருவும் பவுலும் வருவார்கள். மரியா சபீனா தேவாலயத்தில் இயேசுவின் திரு இருதய சபையில் உறுப்பினர். காளானும் கத்தோலிக்கமும் அவருக்கு முட்டிக்கொள்ளவே இல்லை. காளான்களை அவர் புனிதக் குழந்தைகள் என்றுதான் அழைப்பார்.

அவருக்கு இந்த வித்தை வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். சின்ன வயதில் அப்பா இறந்துவிட்டார், பட்டினி. தங்கையோடு ஆடு மேய்க்கப் போன இடத்தில் பசிக்குக் காளானைப் பறித்துத் தின்றார்கள். பெரியவளான பிறகு அதே தங்கை சாகக் கிடந்தபோது, அவளுக்காக நிறையக் காளான் சாப்பிட்டார். அந்தக் காட்சியில் பெரியவர்கள் சிலர் ஒரு புத்தகத்தை நீட்டினார்களாம். எழுத்தே தெரியாத பெண் அதைப் படித்தார், தங்கை பிழைத்தாள், அன்றிலிருந்து வார்த்தைகள் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார்.

எல்லாச் சடங்கும் சுபமாக முடியாது. 1958இல் வாஸன் குழு ஒரு வெலாடாவை முழுக்க ஒலிப்பதிவு செய்தது. நோயாளி 17 வயதுப் பையன். ராத்திரி முழுக்கப் பாடியும், இவன் பிழைக்க மாட்டான் என்றே காளான் சொன்னது. சில வாரங்களில் அவன் இறந்துவிட்டான். இதைக் கேட்டபிறகு ‘டிரிப்’ என்ற சொல்லை இந்தச் சடங்குக்குப் பயன்படுத்த எனக்கு வாய் வரவில்லை.

(திரையில்: 1957, பத்திரிகை அட்டை)

1957 மே 13, லைஃப் பத்திரிகை. கட்டுரை வந்தது. மரியா சபீனாவின் பெயரை ஏவா மெண்டெஸ் என்று மாற்றி, ஊரையும் மறைத்திருந்தார் வாஸன். ஆனால் படம் போட்டிருந்தார், அதே வருஷம் வெளியிட்ட இசைத்தட்டின் தலைப்பிலேயே மசாட்டெக் என்றிருந்தது. அப்புறம் என்ன மறைப்பு? 1956இல் அவரோடு போன குழுவில் ஒரு வேதியியலாளர் இருந்தார், அவர் சி.ஐ.ஏ.வின் மூளைக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்காக வந்தவர், அது தனி வீடியோ.

அறிவியல் இரண்டே வரி. எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளை ஏற்கெனவே கண்டுபிடித்திருந்த, சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்து ஆல்பர்ட் ஹாஃப்மன் 1958இல் இந்தக் காளானிலிருந்து சிலோசைபினைப் பிரித்தெடுத்தார். உடம்புக்குள் அது சிலோசினாக மாறி, மூளையில் செரடோனின் என்ற ரசாயனம் உட்காரும் ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

1962இல் ஹாஃப்மன் ஆய்வகத்தில் செய்த சிலோசைபின் மாத்திரையோடு வாவுட்லாவுக்கே வந்தார். மாத்திரை வேலை செய்யத் தாமதமானது, கூட்டம் அதிருப்தியில் முணுமுணுத்தது, இன்னும் கொஞ்சம் கொடுத்தார்கள். விடிந்ததும் மரியா சபீனா சொன்ன தீர்ப்பு: காளானின் ஆவி இதிலும் இருக்கிறது. ஒரு குப்பி மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டார், காளான் முளைக்காத மாதங்களிலும் வைத்தியம் பார்க்கலாமே! இதில் எவ்வளவு பெரிய மனசு தெரிகிறது பாருங்கள். வந்தவர்கள் அவருடைய மருந்தைக் கூறுபோட்டுப் பார்த்தார்கள், அவரோ அவர்களுடைய மாத்திரையிலும் தெய்வம் இருப்பதாக ஏற்றுக்கொண்டார்.

இன்னொரு தகவல், காளான் பிரியர்களே கவனியுங்கள். இன்று உலகம் முழுக்க டப்பாக்களில் வளர்ப்பது பெரும்பாலும் சாணத்தில் முளைக்கும் ஒரே ஒரு வகை. வாவுட்லாவில் அதற்கு சான் இசித்ரோ என்று பெயர், அங்கே அதற்குப் பெரிய மதிப்பு இல்லை. மண்சரிவில் முளைக்கும் தெரும்பே, புல்லில் முளைக்கும் குட்டியான பஹாரித்தோ, இவைதான் அவர்களுக்கு விசேஷம்.

பிறகு வந்தது ஹிப்பிக் கூட்டம். நேரம் காலம் இல்லாமல், நோன்பு இல்லாமல், நோயாளி இல்லாமல், பட்டப்பகலில் காளானைத் தின்றுவிட்டுத் தெருவில் திரிந்தார்கள். போலீஸ் மரியா சபீனாவையே சந்தேகப்பட்டுப் பிடித்துப்போனது, ஊர் அவர் மேல் திரும்பியது, வீடு எரிந்தது. 1969இல் ராணுவம் வந்து மலைச் சாலையை மறித்தது. வெளிநாட்டவர் வந்த பிறகு புனிதக் குழந்தைகளின் சக்தி போய்விட்டது, இனி அதற்கு மருந்தில்லை என்று அவர் சொன்னார். 1985இல் 91 வயதில் வறுமையிலேயே இறந்தார்.

இன்றைக்கு நிலைமை என்ன? 2018இல் அமெரிக்க மருந்து அமைப்பு, தீராத மனச்சோர்வுக்கான சிலோசைபின் சிகிச்சை ஆய்வுகளை வேகப்படுத்தத் தனி அந்தஸ்து கொடுத்தது. 2023இல் ஆஸ்திரேலியா மனநல மருத்துவர்களை அதைப் பரிந்துரைக்க அனுமதித்தது. இதனால் நோயாளிகளுக்குப் பலன் கிடைத்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நிறுவனங்கள் காப்புரிமை வாங்குகின்றன, வாவுட்லாவுக்கு என்ன? மரபுவழி அறிவின் லாபத்தில் பங்கு கேட்கும் நகோயா ஒப்பந்தம் 2014இல்தான் அமலுக்கு வந்தது, 1950களில் எடுத்துப்போனதற்கு அது பொருந்தாது, அமெரிக்கா அதில் சேரவும் இல்லை. சட்டம் சொல்லாவிட்டாலும் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. அந்த மலையில் ஒரு நல்ல மருத்துவமனை, மசாட்டெக் மொழியில் பாடம் சொல்லும் பள்ளிகள், இதற்கெல்லாம் இந்த நிறுவனங்கள் பணம் தரலாமே. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? கமெண்டில் எழுதுங்கள், மாற்றுக் கருத்து இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.

ரிக் வேதத்தில் வரும் சோமமும் ஒரு காளான்தான் என்று இதே வாஸன் 1968இல் ஒரு புத்தகம் போட்டார், அதை மறுத்து அறிஞர்கள் வரிசையாகக் கிளம்பினார்கள். அந்தச் சண்டைதான் அடுத்த வீடியோ. சப்ஸ்கிரைப் செய்யாதவர்கள் செய்துகொள்ளுங்கள், வருகிறேன்.