மின்விசிறி முதலில் பின்பக்கம் அசைவது ஏன்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். பெசன்ட் நகரிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "புதிதாக வாங்கிய பிஎல்டிசி மின்விசிறி, சுவிட்சைப் போட்டதும் சற்றே எதிர்ப்பக்கம் அசைந்துவிட்டுப் பிறகுதான் சரியாகச் சுற்றுகிறது. உள்ளே சென்சாரே இல்லை என்கிறார் கடைக்காரர். இது பழுதா?" படித்ததிலிருந்து இந்தக் கேள்விதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவ்வளவு நல்ல கேள்வி.

பழுதில்லை அம்மா. பிஎல்டிசி என்றால் கரித்தூரிகை இல்லாத நேர்மின்னோட்ட மோட்டார். அதில் காந்தம் சுற்றும், சுருள் அசையாமல் நிற்கும். தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், நான் எப்போதும் சொல்வதுதான்: காந்தம் நகர்ந்தால்தான் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். எதிர் மின்னியக்கு விசை என்பது இதுதான். காந்தத்தின் இடத்தைக் காட்டும் சென்சார் இல்லாத விசிறியில், இந்த மின்னழுத்தத்தைக் கொண்டுதான் காந்தம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை விசிறியை இயக்கும் சில்லான மைக்ரோ கன்ட்ரோலர் கணிக்கிறது. விசிறி நின்றிருந்தால் மின்னழுத்தம் பூஜ்யம், துப்பே கிடையாது. அதனால் முதலில் சுருளில் மின்னோட்டம் செலுத்திக் காந்தத்தை ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு இழுத்து நிறுத்துகிறது. அந்த இடம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் இறக்கை அசையும். பிறகு சுருளின் காந்தப் புலத்தை மெல்லச் சுழற்றி வேகம் பிடிக்கவைத்து, மின்னழுத்தம் போதிய அளவு எழுந்ததும் கணிப்புக்கு மாறிக்கொள்கிறது.

ரிச்சி தெருவில் மோட்டார் பழுதுபார்க்கும் ஒருவர் இதைக் கண்முன்னே காட்டினார். மின்னணுப் பலகையைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் மூன்று கம்பிகளில் இரண்டை மல்டிமீட்டரில் மாட்டி, விசிறியைக் கையால் சுற்றினார். எண் ஏறியது. பிடித்து நிறுத்தினார், பூஜ்யம். பிறகு மூன்று கம்பிகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டு என்னைச் சுற்றச் சொன்னார். அத்தனை இறுக்கம்! காந்தம் நகர்ந்து பிறப்பித்த மின்னோட்டமே அதைத் தடுத்து நிற்கிறது. நகர்ந்தால்தான் மின்னழுத்தம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

உங்கள் பக்கம் கடற்காற்றில், அணைத்த விசிறிகூடச் சுற்றும். அந்த நேரத்தில் சுவிட்சைப் போட்டால், நல்ல கன்ட்ரோலர் முதலில் திசையை அறிந்துகொண்டுதான் வேலையைத் தொடங்கும். விசிறி சுற்றிக்கொண்டிருப்பதால் அப்போது மின்னழுத்தம் இருக்கிறது அல்லவா!

ஆனால் நீங்கள் கேட்டிருக்கக் கூடாதா என்று நான் ஆசைப்படும் கேள்வி ஒன்று உண்டு: அந்தக் கோணக் கணிப்பு பிசகினால் மின்கட்டணம் என்ன ஆகும்? கதவை நேராகத் தள்ளினால் எளிதில் திறக்கும். சாய்வாகத் தள்ளினால் பலத்தில் ஒரு பகுதி வீண். இங்கேயும் மின்னோட்டத்தின் புலம் காந்தத்துக்கு 90 டிகிரியில் இருக்க வேண்டும். கணிப்பு 30 டிகிரி தவறினால் அதே திருப்புவிசைக்குச் சுமார் 15 சதவீதம் அதிக மின்னோட்டம் தேவை. சுருளில் வெப்பமாகும் இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அது மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். விசிறியோ ஒழுங்காகச் சுற்றிக்கொண்டே இருக்கும், வெளியே யாருக்கும் தெரியாது. பழைய விசிறி 75 வாட் அளவில் செய்த வேலையை 30 வாட் அளவில் முடிக்கத்தானே இதை வாங்குகிறோம்? சேமித்ததில் ஒரு பகுதியை இப்படி இழக்கலாமா?

சென்னை மே மாத வெயிலையும் சேர்த்துப் பாருங்கள். தாமிரத்தின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.4 சதவீதம் கூடும். சுருளின் வெப்பநிலை 50 டிகிரி கூடினால் 20 சதவீதம். கன்ட்ரோலரோ, தான் செலுத்தும் மின்னழுத்தத்திலிருந்து மின்தடையில் செலவாகும் பங்கைக் கழித்துத்தான் எதிர் மின்னியக்கு விசையைக் கணக்கிடுகிறது. இரவில் வேகத்தைக் குறைத்து வைக்கும்போது எதிர் மின்னியக்கு விசை சிறியது, மின்தடையின் பங்கு பெரியது. குளிர்ந்த சுருளின் மின்தடையை வைத்தே கணக்கிட்டால் கோணம் தவறும். ஓட்டத்திலேயே மின்தடையைத் திருத்திக்கொள்ளும் கணக்கீட்டை எழுதும் பொறியாளரைத்தான் நான் கொண்டாடுவேன்.