கடைப் பொம்மை வேண்டாம், தண்ணி வண்டி போதும்

(பாம்பனில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அக்காமாரே, அண்ணன்மாரே, வணக்கம். இந்த மாதிரிக் கூட்டத்துக்கு வழக்கமாக அம்மாக்கள்தான் வருவார்கள். இன்றைக்குப் பின்வரிசை முழுக்க அப்பாக்கள். காரணம் தெரிந்ததுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில். பள்ளிக்கூடமும் லீவு. "நாள் முழுக்க இவனை வச்சுக்கிட்டு என்ன டீச்சர் செய்யிறது?" என்று ஒரு அண்ணன் வாசலிலேயே கேட்டுவிட்டார்.

முதலில், அப்பா வீட்டில் இருப்பதே சில பிள்ளைகளுக்குக் குழப்பம்தான். அப்பா கிளம்பும் நேரம், ஐஸ் பெட்டி, வண்டிச் சத்தம் என்று ஒரு ஒழுங்கில் போய்க்கொண்டிருந்தது திடீரென நின்றால் அழுகையும் எரிச்சலும் வரும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால்தான் இந்தப் பிள்ளைகளுக்கு நிம்மதி. வாயால் சொன்னது காற்றோடு போய்விடும், கண்ணால் பார்ப்பது நிற்கும். அதனால் பிள்ளையின் சாப்பாட்டுத் தட்டு, குளிக்கும் வாளி, ஊஞ்சல், வெளியே போகும் செருப்பு எல்லாவற்றையும் செல்போனில் படமெடுத்து பிரிண்ட் போடுங்கள். சுவரில் ஒரு நைலான் கயிறு கட்டி, துணி கிளிப்பால் அன்றைய வரிசைப்படி மாட்டுங்கள். ஒரு வேலை முடிந்ததும் பிள்ளையே அந்தப் படத்தைக் கழற்றி டப்பாவில் போடட்டும். டப்பாவை விட்டுவிடாதீர்கள். எப்போது முடியும் என்று தெரியாத வேலையில் நாம் மட்டும் உட்காருவோமா?

சரி, என்ன விளையாட்டுக் கொடுப்பது? இதற்காக ராமநாதபுரத்துக்கு பஸ் ஏற வேண்டாம். பிள்ளை தானாக என்ன செய்கிறான் என்று ஒருநாள் சும்மா பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அப்பா வலை பழுது பார்க்கும்போது மிதவைகளை எடுத்து வரிசையாக அடுக்கும் பையன் ஒருவன் எனக்குத் தெரியும். வீட்டில் அதைக் கலைத்துவிடுவார்கள், அவன் ஊரைக் கூட்டுவான். ஒருநாள் அவன் அப்பா அந்த வரிசையின் கடைசியில் தானும் ஒரு மிதவையை வைத்தார். பையன் தள்ளிவிட்டான். அவர் மறுபடி வைத்தார். இப்படியே சில நாள் போனது. இப்போது அப்பா சும்மா இருந்தால் அவர் கையைப் பிடித்து இழுத்து மிதவை மேல் வைக்கிறான். பேச்சே இல்லாத பிள்ளை 'இப்ப உன் முறை' என்று சொல்லிவிட்டான், பார்த்தீர்களா! ஒரே ஒரு எச்சரிக்கை. வலையில் கோர்க்கும் ஈயக் குண்டு மட்டும் கைக்கு எட்டக்கூடாது. எதையும் வாயில் வைக்கும் பிள்ளைகள் இவர்களில் நிறைய. ஈயம் விஷம், வளரும் மூளையைக் கெடுக்கும்.

குதித்துக்கொண்டும் சுவரில் மோதிக்கொண்டும் இருக்கும் பிள்ளைக்குக் கனமான வேலை கொடுங்கள். தள்ளுவதும் இழுப்பதும் தூக்குவதும் பல பிள்ளைகளுடைய உடம்பை அமைதிப்படுத்தும். தெருக் குழாய்க்குக் குடம் வைத்துத் தள்ளிப்போகும் தண்ணி வண்டி நம் மாவட்டத்தில் இல்லாத ஊர் உண்டா? போகும்போது காலிக் குடத்தோடு அவன் தள்ளட்டும். வரும்போது இரண்டு குடம் போதும், நீங்களும் ஒரு கை பிடியுங்கள். வீட்டுக்கு வந்ததும் சேலை ஊஞ்சல். கடைப் பொம்மை எதுவும் இதற்குப் பக்கத்தில் நிற்காது என்பது என் கட்சி. மணல் மட்டும் பிள்ளையைப் பொறுத்தது. ஒருத்தி ஈர மணலில் மணிக்கணக்காக இருப்பாள், இன்னொருத்திக்கு மணல் காலில் பட்டாலே முள் குத்துகிற மாதிரி. அவளை இழுத்துக்கொண்டு போய் இறக்கிவிட்டுப் பழக்கப்படுத்துகிறேன் என்று நிற்காதீர்கள்.

செல்போனைப் பற்றிக் கேட்பீர்கள். பிடுங்கச் சொல்ல மாட்டேன், கொடுத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். என்ன பார்க்கிறான் என்று நீங்களும் பாருங்கள். ரயில் வீடியோவே பார்க்கும் ஒரு பையன் அடிக்கடி "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்பான். வீட்டில் அது வெறும் உளறல் என்று இருந்தார்கள். வெளியே போக வேண்டும் என்கிறபோதுதான் அப்படிச் சொல்கிறான் என்று அவன் பாட்டிதான் கண்டுபிடித்தார். (பாட்டிமார் வேப்பிலை அடிக்கவும் சொல்வார்கள், அது வேறு விஷயம். தர்காவுக்கோ கோயிலுக்கோ மாதா கோயிலுக்கோ தாராளமாகப் போங்கள், பயிற்சியை மட்டும் நிறுத்தாதீர்கள்.)

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்காதவர்கள் வாங்கிவிடுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநரையும் பாருங்கள்.

கடைசியாக, கடல். தண்ணீர் என்றால் இந்தப் பிள்ளைகளில் பலருக்கு உயிர், ஆபத்து தெரியாது. சத்தமில்லாமல் வீட்டைவிட்டு நழுவிப் போகிறவர்களும் உண்டு. மத்தியானம் எல்லாரும் கண்ணயர்கிற நேரம்தான் பயம். கதவில் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். சட்டையின் உள்பக்கம் உங்கள் போன் நம்பரைத் தைத்து வையுங்கள். காணவில்லை என்றால் தெருவில் தேடுமுன் கரைக்கும் கிணற்றுக்கும் ஓடுங்கள். கரையில் வலை உலர்த்துகிறவர்கள், பெட்டிக்கடைக்காரர் எல்லாரிடமும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, "இவன் தனியா வந்தா பிடிச்சு வச்சுக்கிட்டு எனக்குப் போன் போடுங்க" என்று சொல்லி வையுங்கள். சொல்ல வெட்கப்படாதீர்கள். கூப்பிட்டால் அவன் திரும்பிப் பார்க்க மாட்டான் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

நான் பேசியது போதும். பின்வரிசையிலிருந்து கேள்விகளை ஆரம்பிப்போம்.