காப்பு கட்டும்போதே அவிழ்க்கும் நாள்

(தருமபுரியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் பின்னால் நிற்கும் தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம்.

மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்பு கட்டுவதைப் பார்க்காதவர் இந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டார். மஞ்சள் தோய்த்த நூல், அதில் ஒரு மஞ்சள் துண்டு. பூசாரி கையில் ஒன்று, கரகம் எடுப்பவர் கையில் ஒன்று. தெருமுனையில் வேப்பிலைத் தோரணம் ஏறியதும் ஊர் மொத்தமும் ஒரு கட்டுக்குள் வந்துவிடும். வெளியூர் போனவர் ராத்தங்காமல் திரும்ப வேண்டும், வீட்டில் கறி வேகாது, கல்யாணப் பேச்சு எடுப்பதில்லை. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். எட்டு நாளோ பதினைந்து நாளோ, முணுமுணுக்காமல் இருந்துவிடுகிறோம். கட்டும்போதே அவிழ்க்கிற நாள் எல்லாருக்கும் தெரியும் என்பதால் அது நமக்குக் கனக்கவில்லை. மஞ்சள் நீராட்டு முடிந்தால் அறுத்துத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். யார் அறுப்பார் என்பதும் தெரியும்.

'கட்டுப்பாடு' என்ற நம் சொல்லுக்குள்ளேயே கட்டு இருக்கிறது. சுயக்கட்டுப்பாடு என்றால் மெச்சுகிறோம். ஊர்க்கட்டுப்பாடு என்றால் வயிற்றைக் கலக்குகிறது. சொல் ஒன்றுதான். வீடாகட்டும், அரசாகட்டும், கையில் இருக்கிற போனாகட்டும், கோயிலாகட்டும், எந்தக் கட்டைப் பார்த்தாலும் நான் கேட்கச் சொல்வது இரண்டு: எப்போது அவிழும்? யார் அவிழ்ப்பார்?

முதலில் உடம்பு. கார்த்திகையில் மாலை போடுகிறவர்களில் குடியை விடுவதற்காகவே போடுகிறவர்கள் உண்டு. 48 நாள் கட்டு. நல்ல கட்டுதான். தேதி இருக்கிறது, குருசாமி இருக்கிறார், நாலு பேர் 'சாமி' என்று கூப்பிடும்போது கால் கடைப்பக்கம் போகாது. ஆனால் இது இரண்டு இடத்தில் முறியும்.

முதல் நாலு நாள் ஒன்று. வருஷக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவரின் மூளை, சாராயத்தின் அமுக்கலை எதிர்த்து எதிர்த்துத் தன்னை முறுக்கி வைத்துக்கொண்டிருக்கும். அமுக்கல் ஒரே நாளில் விலகினால் முறுக்கு மட்டும் மிஞ்சும். ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரைக்கும் இன்னொரு ஆபத்து: சுவரில் இல்லாத பூச்சி ஊர்கிறது என்பார், பெற்ற பிள்ளையை யார் என்று கேட்பார். சாமி இறங்கிவிட்டது என்று வீட்டில் விபூதி பூசிக்கொண்டிருப்பார்கள். உயிர் போகிற நிலை அது. விபூதி பூசுவதானால் 108க்குப் போன் போட்டுவிட்டுப் பூசுங்கள்.

மாலை போடுவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போய், எவ்வளவு குடிக்கிறோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் நிறுத்துவார்கள். தயமின் என்கிற வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. 'ஒரே அசதி' என்று பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது. குடித்துக் குடித்துத் தயமின் வற்றிய உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால், மிச்சமிருக்கும் தயமினும் அதைச் செரிக்கவே செலவாகி மூளை பாதிக்கப்படலாம். தயமின் முதலில், குளுக்கோஸ் பிறகு.

முறிகிற இரண்டாவது இடம் 49ஆம் நாள். மாலையைக் கழற்றிய அன்றே பழைய அளவைக் குடிப்பார். அதைத் தாங்குகிற பழக்கம் உடம்பிலிருந்து போயிருக்கும். மயங்கிய நிலையில் வாந்தி புரையேறினால் போதும். அதனால் மாலை கழற்றுகிற தேதிக்கு மறுநாளே மருத்துவரைப் பார்க்க இப்போதே நாள் குறித்துக்கொள்ளுங்கள். மனசு தடுமாறினால் 14416, டெலி மனாஸ் என்கிற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழில் பேசுவார்கள்.

அடுத்தது வீடு. ஓசூர், சூளகிரிப் பக்கம் கம்பெனிக்குப் போகிற பெண்பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சம்பளம் பிள்ளையின் கணக்கில் விழுகிறது. ஏடிஎம் கார்டு அப்பாவின் சட்டைப் பையில். கணக்கோடு இணைத்த செல் நம்பரும் அப்பாவுடையது. அப்படியென்றால் கணக்கு யாருடையது? வங்கியின் ஏட்டில் பிள்ளையுடையது, ஓடிபி போகிற இடத்தைப் பார்த்தால் அப்பாவுடையது. 'தங்கச்சி கல்யாணம் முடிகிற வரைக்கும்' என்று தேதி வைத்துப் பேசினால் அது குடும்பத்துக்குள் ஓர் ஏற்பாடு. தேதியே இல்லையென்றால் அதற்குச் சட்டத்தில் வேறு பெயர். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், அடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை, பெண்ணுக்கு உரிமையான பணத்தைப் பறித்து வைப்பதையும் பொருளாதார வன்முறை என்கிறது. புகாருக்கு பெண்கள் உதவி எண் 181.

புகார் வரை போகாமலே கட்டை அவிழ்க்க வேண்டுமென்றால், செய்கிற வரிசை முக்கியம். முதலில் தன் பெயரில் ஒரு சிம். பிறகு அடையாள அட்டையோடு நேராக வங்கிக் கிளைக்குப் போய், கணக்கின் செல் நம்பரை மாற்ற எழுதிக் கொடுப்பது. புது நம்பருக்குக் குறுஞ்செய்தி வரத் தொடங்கிய பிறகு பழைய கார்டை முடக்கிப் புதுக் கார்டு கேட்பது. வரிசையை மாற்றி முதலில் கார்டை முடக்கினால், அந்தத் தகவல் பழைய நம்பருக்கே போகும். சாயங்காலம் வீட்டில் பஞ்சாயத்துதான். யூபிஐ, ஆதார், ஈமெயில் மீட்பு நம்பர் எல்லாவற்றிலும் பழைய நம்பர் உட்கார்ந்திருக்கும். அவற்றையும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும்.

போனுக்குள்ளேயே தேதி உள்ள கட்டும் இருக்கிறது, தேதி இல்லாத கட்டும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடம் அனுப்பினால் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்றுதான் கேட்கும். முடிந்ததும் தானே நின்றுவிடும். ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிற பிள்ளை ஒரு மணி நேரத்துக்கு அனுப்பினால் அது காப்பு. கூகுள் மேப்ஸில் 'நான் நிறுத்தும் வரை' என்று இன்னொரு வசதி உண்டு. காதலித்த புதிதில் அதை அழுத்திவிட்டு மறந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். சிரிக்காமல் வீட்டுக்குப் போனதும் பாருங்கள். மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டு, இருப்பிடப் பகிர்வுக்குள் போனால் யார் யார் பார்க்கிறார்கள் என்று பெயரோடு வரும். வாட்ஸ்அப்பிலும் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்று ஓர் இடம் உண்டு. உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் அதில் இருந்தால், யாரோ உங்கள் செய்திகளை உட்கார்ந்து படிக்கிறார் என்று அர்த்தம்.

ஓர் எச்சரிக்கை. வீட்டில் அடிக்கிற ஆள் போனில் உளவுச் செயலி வைத்திருப்பதாகச் சந்தேகம் வந்தால், உடனே அதை அழித்துவிடாதீர்கள். அழித்ததும் அவருக்குத் தெரிந்துவிடும், ஆதாரமும் போய்விடும். வேறொருவர் போனிலிருந்து 181ஐக் கூப்பிட்டு, தங்க ஓர் இடம் உறுதியான பிறகு அதில் கை வையுங்கள்.

கடன் செயலிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முறையான கடன் செயலி உங்கள் தொடர்பு எண்களையும் படங்களையும் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2022இல் போட்ட விதி. கடனை வாங்கிவிட்டு வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கவும், அபராதம் இல்லாமல், குறைந்தது ஒரு நாள் அவகாசம் தர வேண்டும். தொடர்பு எண் கேட்டாலே அந்தச் செயலியை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அந்த எண்களை வைத்துத்தான் பிறகு உங்கள் மாமனாருக்குப் போன் போடுவார்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். பதினெட்டு ஆகாத பெண்ணுக்குத் தாலி கட்டிவிட்டால், 'கட்டியாச்சு, இனி என்ன செய்ய' என்கிறோம். 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் அந்த முடிச்சுக்கும் அவிழ்க்க நாள் வைத்திருக்கிறது. அந்தப் பெண் தனக்கு இருபது வயது நிறைவதற்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு, அந்தத் திருமணத்தையே செல்லாததாக்கலாம். விவாகரத்தைப் போலக் காரணங்களை நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பிள்ளை பிறந்திருந்தாலும் அது சட்டப்படியான பிள்ளையே. இருபது தாண்டினால் இந்தக் கதவு மூடிவிடும். பதினெட்டிலிருந்து இருபது வரை என்கிற கணக்கை யாரும் அந்தப் பெண்ணிடம் சொல்வதில்லை. கல்யாணம் நடப்பதற்கு முன்பே தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

இனி அரசியல். 1962 அக்டோபரில் சீனப் போருக்காக நெருக்கடி நிலை அறிவித்தார்கள். போர் ஒரு மாதத்தில் நின்றது. நெருக்கடி நிலை 1968 ஜனவரி வரை ஓடியது. 1971 டிசம்பரில் பாகிஸ்தான் போருக்காக இன்னொன்று. அந்தப் போர் இரண்டு வாரத்தில் முடிந்தது. அந்தக் கட்டு 1977 மார்ச்சில்தான் அவிழ்ந்தது. 1975 ஜூனில் வந்ததை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம், அப்போது ஏற்கெனவே ஒன்று நடப்பில் இருந்தது என்பது பலருக்கு மறந்துவிட்டது. இப்படி வருடக்கணக்கில் நீட்ட எப்படி முடிந்தது? நாடாளுமன்றம் ஒருமுறை ஒப்புக்கொண்டால் போதும், முடிவு நாள் தேவையில்லை என்றிருந்தது அன்றைய சட்டம். 1978இல் 44ஆம் திருத்தம் வந்தபோது, ஒரு மாதத்துக்குள் ஒப்புதல், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறு ஒப்புதல் என்று தேதி குறித்தார்கள்.

கூட்டம் கூடத் தடை போடுகிற உத்தரவுக்கும் இப்படித்தான். பழைய 144, இப்போது புதிய சட்டத்தில் 163ஆம் பிரிவு. நடுவர், அதாவது மாஜிஸ்திரேட், போட்ட உத்தரவு இரண்டு மாதத்துக்கு மேல் நிற்காது. மாநில அரசு நினைத்தால் கூடுதலாக ஆறு மாதம் வரை நீட்டலாம். பாதிக்கப்பட்ட யாரும் அதை நீக்கச் சொல்லி அந்த நடுவரிடமே மனுக் கொடுக்கலாம் என்பது அதே பிரிவில் இருக்கிறது. திரும்பத் திரும்ப 144 போடுவது அதிகார துஷ்பிரயோகம் என்று 2020 ஜனவரியில் காஷ்மீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆனால் நம் ஊராட்சி அலுவலகத்தைப் பாருங்கள். ஐந்து வருடம் முடிவதற்குள் தேர்தல் நடந்தாக வேண்டும் என்பது அரசியல் சட்டம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. நடுவில் மூன்று வருடம் தலைவருக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டித்தார்கள். அப்படித் தேர்ந்தெடுத்த தலைவர்களின் காலமும் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்து, திரும்பவும் தனி அலுவலர் கையெழுத்து வந்தது. அந்த அலுவலர் நல்லவராகவே இருக்கட்டும். தெருவிளக்கு எரியவில்லை என்றால் அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரிடம் சொல்ல முடியாதே. கிராமசபையில் உட்கார்ந்து தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். கூட்டம் முடிந்து வெறும் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். தீர்மானம் எழுதிய பக்கத்தின் கீழ்தான் உங்கள் கையெழுத்து இருக்க வேண்டும்.

மதத்துக்கு வருகிறேன். காப்பைப் பற்றி நல்லபடியாகப் பேசித்தான் ஆரம்பித்தேன். அதே கோயில் வாசலில்தான் ஊர்க்கட்டுப்பாடும் போடுகிறார்கள். சாதி மாறிக் கல்யாணம் செய்த வீடு, நிலத்தகராறில் ஊர்ப் பேச்சைக் கேட்காமல் போலீசுக்குப் போன வீடு. பெண் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டதைப் பொறுக்காத கட்டுப்பாடு எங்கே போய் நிற்கும் என்பதற்கு 2012 நவம்பரில் இதே மாவட்டத்தில் தலித் மக்கள் வாழ்ந்த நத்தம் காலனி எரிந்தது சாட்சி. அந்த அளவுக்குப் போகாத ஊர்களில் சத்தமில்லாமல் நடப்பதைச் சொல்கிறேன். அடிக்க மாட்டார்கள், திட்டவும் மாட்டார்கள். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்க வரும்போது அந்த வீட்டை மட்டும் தாண்டிப் போவார்கள். வரி வாங்கவில்லை என்றால் ஊர்க் கணக்கில் அந்த வீடு இல்லை. மாவிளக்கு எடுக்க முடியாது. சாவு விழுந்தால் மேளம் வராது, தூக்க ஆள் வராது. பணம் கேட்டால் கொடுமை என்று சொல்லலாம். பணம் வாங்க மறுப்பதை என்னவென்று புகார் எழுதுவது என்று ஸ்டேஷனில் திகைப்பார்கள். எத்தனை நாளைக்கு? யாரும் சொல்வதில்லை. காலில் விழுந்து அபராதம் கட்டுகிற வரைக்கும். அபராதம் எவ்வளவு என்பதும் அன்றைக்கு யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

சட்டம் இதில் தடுமாறித்தான் வந்திருக்கிறது. பம்பாய் மாகாணம் 1949இலேயே சமயத்திலிருந்து விலக்கி வைப்பதைத் தடை செய்தது. தாவூதி போரா என்கிற முஸ்லிம் பிரிவின் தலைவர் வழக்குப் போட்டார். 1962இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்துவிட்டது. மகாராஷ்டிரம் சமூகப் புறக்கணிப்புக்கென்று 2016இல் மறுபடி தனிச் சட்டம் இயற்றியது. ஒதுக்கப்படுகிறவர் பட்டியல் சாதியினராக இருந்து, ஒதுக்குகிறவர்கள் அந்தப் பட்டியலில் இல்லாத சாதியினராக இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்துக்குப் பிறகு சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பே நேரடியான குற்றம். அதை எழுதி எஃப்ஐஆர் கேட்கலாம். சொந்தச் சாதிக்குள்ளேயே நடந்தால் மிரட்டல், சட்டவிரோதக் கூட்டம் என்று பொதுச் சட்டத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அப்போது பெரிய சிக்கல் ஆதாரம். ஊர்க்கட்டுக்குத் தீர்மானப் புத்தகம் கிடையாது. கேட்டால், 'நாங்கள் யாரும் எதுவும் சொல்லவில்லையே' என்பார்கள்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது, செலவு கொஞ்சம்தான். வரி வசூலிக்கிற பெரியவர்கள் பெயருக்கு, 'இந்த வருடத் திருவிழாவுக்கு எங்கள் வீட்டு வரியைக் கட்டத் தயாராக இருக்கிறேன், எந்தத் தேதியில் யாரிடம் கட்ட வேண்டும்' என்று இரண்டே வரியில் கடிதம் எழுதுங்கள். கோபமாக ஒரு சொல்கூட வேண்டாம். நகல் எடுத்து வைத்துக்கொண்டு, ஒப்புகையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 2025இல் அதை ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள், கவுன்டரில் கேட்டால் சொல்வார்கள். வாங்கிக்கொண்டு பதில் போட்டால் கட்டு அவிழத் தொடங்கிவிட்டது. பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். தபால்காரர் உறையின் மேல் 'வாங்க மறுத்தார்' என்று தேதியோடு எழுதித் திருப்பிக் கொண்டுவருவார். ஊர் வாய்மொழியாகச் செய்ததற்கு அரசாங்க ஊழியர் கையால் எழுதிய சாட்சி அது. ஒன்றே ஒன்று, அந்த உறையை மட்டும் பிரித்துவிடாதீர்கள். ஒட்டியது ஒட்டியபடியே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதை நீதிமன்றத்தில் நீதிபதி முன்னால் பிரிக்கட்டும்.