கடலில் இறங்கிய நண்பர்

நடுவர் அவர்களே, எதிரணியினரே, அவையோரே, வணக்கம். நிலநடுக்கத்தில் தவித்தவர்களுக்கு உதவிப் பொருள் கொண்டுசென்றபோது விமான விபத்தில் மாண்ட பேஸ்பால் வீரர் ரொபர்ட்டோ கிளெமென்டேயை மக்கள் மறவாதிருப்பது ஆட்டத்தாலா, அன்பாலா என்பது கேள்வி; அன்பால்தான் என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தலைவர், "மூவாயிரம் ஹிட் அடிக்காதிருந்தால் அவரை யாருக்குத் தெரியும்? அதே விமானத்தில் மாண்ட மற்ற நால்வரின் பெயரைச் சொல்லுங்கள் பார்க்கலாம்" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். (ஹிட் என்பது, பந்தை அடித்துவிட்டு ஆட்டமிழக்காமல் ஒரு தளத்தையாவது எட்டுவது.) அந்த நால்வரையும் முதலில் வணங்குகிறேன். இறந்தவர்களைக் கணக்குக்கு இழுத்தது எனக்கு வலிக்கிறது. கணக்குதான் வேண்டுமென்றால், 1972 செப்டம்பர் 30 அன்று கிளெமென்டே தமது மூவாயிரமாவது ஹிட்டை அடித்தபோது, அவருக்கு முன்பே பத்துப் பேர் அந்த எல்லையைத் தொட்டிருந்தார்கள். அந்தப் பத்துப் பேரின் பெயரை ஐயா சொல்லட்டும், நான் காத்திருக்கிறேன். மூவாயிரம்தான் நினைவில் நிறுத்துமென்றால் அவர்கள் எல்லோருக்காகவும் ஒரு தீவே கடற்கரையில் நின்று அழுதிருக்க வேண்டுமே!

அழுதது அவர் பிறந்த கரீபியன் தீவான புவெர்ட்டோ ரிக்கோ. 1972 டிசம்பர் 23 அன்று நிகரகுவாவின் மனாகுவா நகரம் நிலநடுக்கத்தில் இடிந்தது. அனுப்பிய உதவிப் பொருள்கள் மக்களுக்குப் போய்ச் சேராமல் ஆட்சியாளரின் படையினர் கையில் சிக்குகின்றன என்று கேள்விப்பட்ட கிளெமென்டே, தாமே உடன் சென்றால் எவரும் தொடத் துணியமாட்டார்கள் என்று நம்பி, மனைவியையும் மூன்று சிறு பிள்ளைகளையும் விட்டுவிட்டு, டிசம்பர் 31 இரவு, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றப்பட்ட பழைய விமானத்தில் ஏறினார். புவெர்ட்டோ ரிக்கோவின் தலைநகர் சான் ஹுவானில் மேலெழுந்த சிறிது நேரத்தில் விமானம் கடலில் விழுந்தது. அப்போது அவருக்கு வயது 38. ஓய்வுபெற்று ஐந்தாண்டு ஆகவேண்டும் என்ற விதியை அவருக்காகத் தளர்த்தி, 1973-இலேயே பேஸ்பாலின் தலைசிறந்தவர்களைப் போற்றும் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள்.

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் அவருடைய தோழர் மானி சங்கியென், பனாமாக்காரர், பந்தைப் பிடிக்கும் கேட்சர். அணியினர் அனைவரும் நினைவு வழிபாட்டுக்காகத் தேவாலயத்தில் கூடியிருந்தபோது அவர் மட்டும் அங்கே இல்லை. எங்கே போனார்? கடலுக்குப் போனார். இதை இன்னொரு முறை சொல்ல நடுவர் அனுமதிக்க வேண்டும்: மற்றவர்கள் பிரார்த்தனையில் இருந்த நேரத்தில், தேடுவோருடன் சேர்ந்து அந்த மனிதர் நீருக்குள் மூழ்கி நண்பரின் உடலைத் தேடினார். உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

ஐயா, ஹிட்டுகளின் கணக்கு ஏட்டில் பத்திரமாக இருந்தது, அதைத் தேட எவரும் கடலில் இறங்க வேண்டியதில்லை. சங்கியென் தம் அண்ணனைத் தேடுவதுபோலத் தேடினார்.